கிரேஸ் கூலிட்ஜ் படங்கள் வேண்டுமா? அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையப் படப்பிரிவு பற்றி

மட்டக்களப்பில் பாடசாலைக் கண்காட்சிப் பலகைக்கு, அமெரிக்க ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜின் மனைவியும் முன்னாள் ஆசிரியையுமான கிரேஸ் கூலிட்ஜின் படங்கள் தேடும் ஆசிரியர்கள் இந்தச் சேவையை நம்பிப் போகலாம். காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. தேடும் விதத்தில்தான் சூட்சுமம். அக்காலப் பத்திரிகைப் படக்குறிப்புகளில் மனைவிக்குக் கணவர் பெயர்தான். ஆகவே ‘கிரேஸ்’ என்பதோடு நிற்காமல் ‘மிசஸ் கூலிட்ஜ்’, ‘மிசஸ் கல்வின் கூலிட்ஜ்’ என்றும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமை பற்றிய வரி இருக்கும். அறியப்பட்ட தடை எதுவுமில்லை என்றிருப்பதை எடுங்கள். சில படங்கள் நூலகத்துக்கு வெளியே சிறு உருவாக மட்டுமே திறக்கும். அவற்றோடு மினக்கெட வேண்டாம்.

அச்சில்தான் பலர் சறுக்குவது. ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமானால் படம் 2480 × 3508 புள்ளி இருக்கவேண்டும். சிறிய ஜேபெக் (JPEG) படம் கைபேசியில் பளிச்சென்று தெரியும், தாளில் மங்கிவிடும். பக்கத்தில் போட்டிருக்கும் எம்.பி. அளவைப் பார்த்து டிஃப் (TIFF) என்ற பெரிய கோப்பையே இறக்குங்கள். அதை உயர்தர ஜேபெக்காகவும் மாற்றி, இரண்டையும் பென்ட்ரைவில் கடைக்குக் கொண்டுபோங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டொகியுமென்டாக அனுப்புங்கள். கண்ணாடித் தகட்டுப் படங்களின் ஓரத்தில் கீறலும் எழுத்தும் இருக்கும். வெட்டுமுன் படத்தின் இலக்கத்தைக் குறித்துவையுங்கள்.

பெருங்குறை ஒன்று உண்டு. இங்கே நிறையக் கிடைப்பவர் 1923 முதல் 1929 வரையான ஜனாதிபதியின் மனைவி. செல்லப்பிராணியாக வளர்த்த ரக்கூன் என்ற சிறு விலங்குகூட அவரோடு படத்தில் இருக்கிறது. ஆசிரியையாக அவர் கிடைப்பது அரிது. இங்குள்ள அவரது படங்களில் பெரும்பகுதி வாஷிங்டன் செய்திப்படங்கள் என்பதே காரணம். அந்த இடத்தை எழுத்தால் நிரப்பியே ஆகவேண்டும்: 1902இல் வெர்மாண்ட் பல்கலைக்கழகப் பட்டம், பிறகு மாசசூசெட்ஸ் நார்தாம்ப்டனில் கிளார்க் செவிப்புலனற்றோர் பாடசாலையில் ஆசிரியப்பணி, 1905இல் திருமணம். பணியை விட்டாலும் அந்தப் பாடசாலையை அவர் விடவில்லை. வெள்ளை மாளிகைக் காலத்திலும் அதற்கு நிதி சேர உழைத்தார். 1926இல், பார்வையும் செவிப்புலனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லரோடு எடுத்த படத்தைப் பலகையின் நடுவில் வையுங்கள். ஆசிரியைக்கு மிக அருகில் வரும் படம் அதுதான்.

கிளார்க் பாடசாலை உதட்டசைவு வாசிப்பையும் பேச்சையும் கற்பித்தது, சைகைமொழியை அல்ல. அது ஒன்றே வழி என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். உதட்டசைவு வாசிப்பின் எல்லையைப் பிள்ளைகளே கண்டுகொள்ளட்டும்: குரலில்லாமல் ‘பாலை’, ‘மாலை’ என்று சொல்லிக் காட்டுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரேமாதிரி மூடித் திறக்கும். ‘மாலையில் வா’ என்று முழுதாகச் சொன்னால் ஊகிப்பது இலகு.