சர்வீஸ் பில்லை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்

ஆழ்கடலில் தூண்டில் போடப் படகு வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் படகுக்குள்ளேயே பொருத்திய டீசல் இன்போர்டு எஞ்சின் உள்ளவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். வருடாந்திர சர்வீஸுக்காக என் படகைக் கரையேற்றி ஒரு யார்டில் விட்டேன். இரண்டு எஞ்சினுக்கும் எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்) மாற்றியது, ஆனோடுகள் (படகின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும் கட்டிகள்) மாற்றியது, அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத பெயின்ட், படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் வயரிங் என்று பில்லில் எல்லாமே இருந்தது. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் படகை இறக்கினார்கள்.

கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில், தூண்டிலைப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரோலிங் ஓடிக்கொண்டிருக்கும்போது இடது எஞ்சினின் சூட்டு அலாரம் அலறியது. எட்டிப் பார்த்தால் எக்ஸாஸ்டில் தண்ணீர் வரவில்லை, வெறும் ஆவிதான். உடனே எஞ்சினை அணைத்தோம். இன்னொரு எஞ்சின் இருந்ததால் மெதுவாகக் கரை சேர்ந்தோம். ஒற்றை எஞ்சின் படகாக இருந்திருந்தால்? என்னை நம்பி ஏறியவர்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பம்ப் மூடியைப் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. திருகுகளின் தலையில் எஞ்சின் பெயின்ட் விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது, ஸ்குரூடிரைவர் பட்ட தடமே இல்லை. உள்ளே பழைய இம்பெல்லர். ரப்பர் கட்டிதட்டிப்போய், இதழ்களில் பாதியைக் காணோம். பிய்ந்த துண்டுகள், எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக நோண்டி எடுத்து, ஒரு முழு இம்பெல்லருக்குக் கணக்கு சரியாக வருகிறதா என்று தரையில் அடுக்கிப் பார்த்தோம், ஏனென்றால் துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டால் புது இம்பெல்லர் போட்டாலும் எஞ்சின் சுடும். வலது எஞ்சினிலும் அதே கதை, அது உடையக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, மற்ற வேலையையும் பார்த்துவிடலாம் என்று படகை மறுபடி கரையேற்றினேன். அங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. ஆனோடுகளை மாற்றவே இல்லை, பாதிக்கு மேல் கரைந்துபோன பழைய கட்டிகள் மேலேயே பாசி பெயின்டை அடித்து மூடியிருக்கிறார்கள். ஆனோடு தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுவது. அதற்கு அதன் மேல் கடல்நீர் நேரடியாகப் படவேண்டும், அதனால்தான் அதற்குப் பெயின்டே அடிக்கக்கூடாது. இங்கே அது வேலை செய்யாததால் அரிப்பு புரொப்பல்லர் மேல் பாய்ந்துவிட்டது. விளிம்புகளில் மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பாகியிருந்தது. புரொப்பல்லரில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் கரைந்து வெளியேறி, வலுவில்லாத செம்பு மட்டும் மிஞ்சினால்தான் இந்த நிறம் வரும். தட்டினால் கணீர் என்ற சத்தமும் இல்லை. பில்ஜ் பம்ப் வயரிங்கை என்ன சொல்ல! வெள்ளீயம் பூசாத சாதாரணச் செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், உள்ளே எல்லாம் பச்சை.

யார்டில் போய்க் கேட்டபோது முதலில் “கடல் தண்ணி எதையும் தின்னும் சார்” என்றார்கள். படங்களைக் காட்டியதும் “பையன் மறந்திருப்பான், அடுத்த சர்வீஸை இலவசமா பண்ணித் தர்றோம்” என்றார்கள். கடலில் ஆள் உயிரோடு விளையாடியவர்களிடம் எனக்கு இலவசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

இனி படகை யாரிடம் விட்டாலும், கழற்றிய பழைய இம்பெல்லரையும் ஆனோடையும் என் கையில் தரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கப் போகிறேன். பெயின்ட் முடிந்ததும், தண்ணீரில் இறக்குவதற்கு முன், அடியில் குனிந்து ஒவ்வொரு ஆனோடையும் நானே பார்ப்பேன். நீங்கள் அண்மையில் சர்வீஸ் முடித்திருந்தால், அடுத்த முறை கடலுக்குக் கிளம்பும் முன் பம்ப் மூடியின் திருகுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் உடையாமல் இருந்தால், கிளம்பாதீர்கள்.