லெனேசியா மேட்டில் ஒரு மோரிஸ் மைனர்: எஸ்.யூ. கார்புரேட்டருடன் மூன்று ஆண்டுகள்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் தாய்மாமன் நெடுங்காலம் வைத்திருந்த 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 வண்டியை நான் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள லெனேசியாவுக்கு ஓட்டி வந்து மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. 1098 சி.சி. எஞ்சின், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் ஒற்றை எஸ்.யூ. எச்.எஸ்.2 கார்புரேட்டர். இதுவரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் முதல் ஓராண்டு முழுவதும் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருந்தது என்பதையும், அது எப்படித் தீர்ந்தது என்பதையும், தீர்ந்த பிறகு இவ்வளவு காலம் எப்படி நிற்கிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

வந்த முதல் வாரத்திலேயே அறிகுறிகள் தெரிந்தன. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை வந்தது. பிளக்குகளைக் கழற்றினால் அடுப்புக்கரி பூசியதுபோல் உலர்ந்த கறுப்பு படிந்திருந்தது. 100 கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர் செலவானது. தீபாவளியன்று கோயில் வாசலில் இறங்கியபோது புடவையெல்லாம் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று என் மனைவி சொன்னது, இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது.

மாமாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கடலோரத்துல ஓடின வண்டி தம்பி, மேட்டுல ஏறினா அப்படித்தான். நட்டை ரெண்டு பட்டை ஏத்திவிடு, சரியாயிடும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி டர்பனில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் காற்றைக் கன அளவில்தான் அறியுமே தவிர எடையில் அறியாது. ஆகவே டர்பனில் சரியாக இருந்த அதே அமைப்பு இங்கே பெட்ரோல் கூடிய கலவையாக மாறிவிடுகிறது. நான் செய்த பிழை, மேடு ஒரு காரணம் என்பதை மேடு மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொண்டது.

எஸ்.யூ. கார்புரேட்டரில் கலவையை மாற்றுவது எளிது. அடியில் உள்ள ஆறு பட்டை நட்டை மேலே திருகினால், பெட்ரோல் வெளிவரும் சிறு குழாயான ஜெட் உயர்ந்து பெட்ரோல் குறையும். கீழே திருகினால் கூடும். ஜெட்டின் வாய் கார்புரேட்டரின் பாலத்தோடு, அதாவது காற்று வழியின் அடியில் உள்ள தட்டையான திட்டோடு, சமமாக நிற்கும் நிலையிலிருந்து பன்னிரண்டு பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குவது வழக்கமான தொடக்க அமைப்பு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பக்கத்தில் உள்ள சிறு தூக்கு முள்ளால், ஜெட்டுக்குள் நுழையும் ஊசியைத் தாங்கி ஏறி இறங்கும் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்; கணநேரம் மட்டும் கூடி அடங்கினால் சரி; உடனே தடுமாறினால் குறைவு. என் வண்டியில் வேகம் கூடிக்கொண்டே போனது. நான் நட்டை இரண்டு பட்டை ஏற்றினேன், பிறகு நான்கு, பிறகு ஏழு. ஜெட் ஏறக்குறைய பாலத்தைத் தொடும் நிலைக்கு வந்தும் பிளக்குகள் கறுத்தே இருந்தன. நட்டுக்கு இனி ஏற இடமில்லாதபோதும் பெட்ரோல் கூடுகிறது என்றால் கோளாறு நட்டில் இல்லை என்பதை அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். நான் உணர்ந்தது, எஞ்சின் ஆயிலின் அளவு டிப் ஸ்டிக்கில் குறையாமல் கூடிக்கொண்டே வந்ததைப் பார்த்தபோதுதான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலோடு கலந்துகொண்டிருந்தது. அந்த ஆயிலை முகர்ந்து பார்த்த அன்றே வண்டியை நிறுத்தினேன்.

கார்புரேட்டருக்கான பெட்ரோலைத் தேக்கி வைக்கும் மிதவைக் கிண்ணத்தின் மூடியிலிருந்து வெளியே செல்லும் வழிவு குழாயின் நுனியில் ஒரு துளி பெட்ரோல் தொங்குவதைக் கண்டேன். இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருப்பதால் அந்தத் துளி சாதாரண விஷயம் அல்ல. தெரிந்த ஒருவரிடமிருந்து பிரஷர் கேஜ் வாங்கிப் பெட்ரோல் குழாயில் பொருத்திப் பார்த்தேன், முள் 4.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) காட்டியது. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் எஸ்.யூ. மிதவை வால்வு 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது. பழைய எஸ்.யூ. மின்சாரப் பம்பு பழுதானபோது டர்பனில் யாரோ புதுக் காருக்குரிய பம்பு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். வால்வு மூடியிருக்க முயன்றாலும் பம்பு அதைத் தள்ளித் திறந்து, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தை உயர்த்திக்கொண்டே இருந்தது. மட்டம் உயர்ந்தால் ஜெட்டின் வாயில் பெட்ரோல் எப்போதும் தளும்பி நிற்கும்; நட்டை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இராது.

பிரஷர் ரெகுலேட்டர் ஒன்றைப் பொருத்தி 2 பி.எஸ்.ஐ.யில் வைத்தேன். பாதிக்கு மேல் குணமானது. மிதவை வால்வு தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினேன். முதலில் வாங்கிய மலிவான வால்வு நான்கே மாதத்தில் கசிந்தது. அதன்பின் விட்டான் ரப்பர் முனை உள்ள வால்வைப் போட்டேன், அது இரண்டாண்டுகளைக் கடந்தும் ஒரு துளிகூட விடவில்லை. விலை வித்தியாசம் சிறியது, ஆகவே இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மிச்சமிருந்த கறுப்புக்குக் காரணம் ஜெட். நீண்ட காலம் ஊசி ஒரு பக்கமாக உரசியதால் ஜெட்டின் வட்டமான வாய் முட்டை வடிவம் ஆகியிருந்தது. ஜெட்டையும் இந்த எஞ்சினுக்குரிய ஏ.என். ஊசியையும் சேர்த்தே மாற்றினேன். இந்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது ஜெட்டை மையப்படுத்துவது. ஊசியின் தோளைப் பிஸ்டனின் அடித்தளத்தோடு சமமாக வைத்துப் பூட்டி, ஜெட் பேரிங்கின் நட்டைத் தளர்த்தி, ஜெட்டை முழுவதும் மேலே ஏற்றி, பிஸ்டனைக் கீழே அழுத்தியபடி நட்டை மெல்ல இறுக்க வேண்டும். பிறகு பிஸ்டனைத் தூக்கி விட்டால் அது பாலத்தின்மேல் 'டக்' என்று தெளிவாக விழ வேண்டும். ஜெட் மேலே இருக்கும்போது ஓர் ஓசையும் கீழே இருக்கும்போது வேறோர் ஓசையும் கேட்டால் ஊசி எங்கோ உரசுகிறது. எனக்கு இது மூன்று மாலைகளைத் தின்றது. அவசரப்பட்டு விட்டுவிட்டால் புது ஜெட்டும் பழையதன் வழியே போகும்.

கார்புரேட்டர் பிஸ்டனின் அசைவை மெதுவாக்கும் ஆயில் குழியான டாஷ்பாட்டில் யாரோ கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு எஸ்.ஏ.இ. 20 ஆயிலை ஊற்றியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வந்த புகை நின்றது. எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றினேன்.

இவையெல்லாம் முடிந்தபின் லெனேசியாவில் சரியான அமைப்பு, பாலத்திலிருந்து பத்துப் பட்டை கீழே என்று அமைந்தது. வழக்கமான பன்னிரண்டோடு ஒப்பிட்டால் என் வண்டியில் மேட்டின் பங்கு இரண்டே பட்டைதான். மாமா சொன்ன எண் மிகச் சரி. இப்போது பிளக்குகள் வறுத்த மல்லியின் நிறத்தில் இருக்கின்றன. செலவு 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டரை ஒட்டியே நிற்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது டர்பனுக்குப் போகிறோம், என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். முதல் முறை மேட்டு அமைப்பிலேயே இறங்கினேன். கடலோரத்தில் எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகி, கார்புரேட்டர் வழியாகவே 'பட் பட்' என்று தும்மியது. பெட்ரோல் குறைந்த கலவைக்கு அதுவே அடையாளம். அன்றிலிருந்து நட்டின் ஒரு பட்டையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, வான் ரீனன் கணவாயைக் கடந்ததும் நிறுத்தி இரண்டு பட்டை இறக்குகிறேன், திரும்பும்போது ஏற்றுகிறேன். எஞ்சின் சூட்டில் கை சுடாமல் இருக்க ஒரு தேநீர் நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. இங்கே ஜூன், ஜூலைக் காலைகளில் குளிர் உறைநிலையைத் தொடும். சோக் இல்லாமல் எஞ்சின் எழாது. இந்தக் கார்புரேட்டரில் சோக் என்பது ஜெட்டையே கீழே இழுப்பது. தூசி படிந்தால் ஜெட் திரும்ப மேலே ஏறாமல் பாதியில் நின்றுவிடுகிறது, உடனே பழைய கரும்புகை. சென்ற குளிர்காலத்தில் இருமுறை ஏமாந்து நட்டில் கை வைக்கப் போனேன். விரலால் ஜெட்டை மேலே தள்ளியதும் சரியானது. இப்போது மாதம் ஒருமுறை துடைத்து, மூட்டுகளில் சிறிது மெல்லிய எண்ணெய் விடுகிறேன்.

எஞ்சினுக்குப் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தண்டும் தேய்ந்திருக்கிறது. அதன் ஓரமாக நுழையும் காற்று ஐடிலிங் கலவையை மட்டும் நீர்க்கச் செய்வதால் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்குகிறது. முன்பு டர்பனில் வண்டியைப் பழுதுபார்த்தவர் இதை மறைக்க நட்டை இறக்கியிருப்பார் என்று சந்தேகிக்கிறேன், ஏனெனில் நான் முதலில் எண்ணியபோது அது பதினைந்து பட்டை கீழே இருந்தது. தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைப் புதிதாகப் போடக் கார்புரேட்டரை லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். வரும் குளிர்காலத்துக்கு முன் கொடுத்துவிடுவேன். அதுவரை நட்டு பத்தாம் பட்டையிலேயே இருக்கும்.