பொம்மை வீட்டுச் சமையலறைக்கு எது சரி: அட்டையா, பால்சாவா, பாஸ்வுட்டா?

பொம்மை வீட்டுக்கு அலமாரி, மேடை, மேசை செய்ய உட்காரும் பலரும் முதலில் கேட்பது, "எது உறுதியாக நிற்கும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் தடிமனைப் பாருங்கள் என்பேன். 1:12 அளவில் ஒரு அடி ஒரு அங்குலமாகிவிடுகிறது. வீட்டு அலமாரியின் 18 மி.மீ. பிளைவுட் இங்கே வெறும் 1.5 மி.மீ. 5 மி.மீ. ஃபோம் போர்டில் (இரு காகிதத் தாளுக்கு நடுவே ஃபோம் வைத்த பலகை) கதவு வெட்டினால் நிஜக் கணக்கில் அது 60 மி.மீ. தடிமன், சமையலறை அலமாரிக்குக் கோயில் கதவை மாட்டியது போல இருக்கும். அப்புறம் எவ்வளவு நேர்த்தியாகப் பெயின்ட் அடித்தாலும் அந்தத் தடிமனை மறைக்க முடியாது.

1:12 உலகம் முழுவதும் புழங்கும் அளவு. புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், இங்கிலாந்தின் ராணி மேரிக்காக வடிவமைத்து 1924-இல் முடித்த பொம்மை வீடும் இதே அளவுதான். அது இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. நம் ஊர் செப்புச் சாமான்களுக்கு இப்படி ஒரே கணக்கு கிடையாது. 3 செ.மீ. அகலமுள்ள செப்புப் பானை இந்த அளவில் 36 செ.மீ. ஆகிவிடும். வாங்குமுன் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, பலகைக்கு வருவோம். பால்சா என்ற மிக லேசான மரப் பலகையைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். சாதாரணக் கட்டர் பிளேடிலேயே வெட்டலாம், இறகு போல எடையே இராது. ஆனால் சமையலறைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விரல் நகம் பட்டால் பள்ளம் விழும். பிளேடு கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் குறுக்கே வெட்டும்போது நார் நசுங்கிப் பிய்ந்துபோகும். அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் தண்ணீரைக் குடித்து, நார் எழுந்து, மேற்பரப்பு சொரசொரவென்று ஆகும். சீலர் (மரத் துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி சீலர் அடித்தால் சரியாகும். அவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பாஸ்வுட் வாங்கிவிடலாம்.

பாஸ்வுட்டும் மரப் பலகைதான், ஆனால் பால்சாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி. விலையும் கூடுதல், வெட்டவும் பொறுமை வேண்டும்: ஒரே அழுத்தில் வெட்டாமல், ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஐந்தாறு முறை மெல்லக் கீற வேண்டும். ஆனால் வெட்டிய விளிம்பு கூராக நிற்கும். ரேகை, அதாவது மரத்தின் நார்க் கோடு, மிக நெருக்கம் என்பதால் சின்ன அளவிலும் மரம் மரமாகவே தெரியும். தேக்குத் துண்டு கையில் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். தேக்கின் துளைகளும் கோடுகளும் 1:12 அளவில் பூதாகரமாகத் தெரியும். சன்னபட்னா பொம்மைகளுக்கு வெட்பாலை மரத்தைக் கடைவதற்கும் இந்த நெருக்கமான ரேகை ஒரு காரணம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கதவில்தான் பளிச்சென்று தெரியும். சின்னக் கதவுக்குக் கீல் தேட வேண்டாம்; கதவின் மேலும் கீழும் ஒரு ஓரமாகக் குண்டூசித் துண்டைச் செருகினால் அதுவே அச்சாகிவிடும். பால்சாவில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், கொஞ்ச நாளில் துளை அகன்று கதவு சாயும். பாஸ்வுட்டில் கைத் துரப்பணத்தால் முதலில் துளை போட வேண்டும், ஆனால் பிடிப்பு அப்படியே இருக்கும். அட்டையில் இந்த வேலையே ஆகாது, அடுக்குகள் பிளந்துகொள்ளும். அட்டைக் கதவென்றால் உள்பக்கம் துணிப் பட்டை ஒட்டித்தான் மடக்க வேண்டும். கைப்பிடிக்கு எதுவானாலும் குண்டூசித் தலை போதும்.

அதற்காக அட்டையை ஒதுக்கிவிட முடியாது. முதல் சமையலறை செய்பவருக்கு நான் சொல்வது 1.5 மி.மீ. பைண்டிங் அட்டைதான். விலை குறைவு, ரேகை கிடையாது, எந்தத் திசையிலும் ஒரே மாதிரி வெட்டலாம். பெயின்ட் அடிக்கப்போகும் மேடை, மேல் அலமாரி, லாஃப்ட் எல்லாவற்றின் கூட்டுக்கும் இது தாராளம். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அட்டை வளையும், இரண்டு பக்கமும் அடியுங்கள். வெட்டிய விளிம்பு பஞ்சு பஞ்சாக நிற்கும். அதில் ஃபெவிகாலைத் தண்ணீர் கலந்து தடவி, காய்ந்ததும் தேய்த்தால் மர விளிம்பு போலவே ஆகிவிடும்.

மேடையின் அகலம் 60 செ.மீ. என்றால் பொம்மைக்கு 5 செ.மீ. நம் தீப்பெட்டியின் நீளமும் ஏறக்குறைய அதுதான். உள்பெட்டியை அப்படியே இழுப்பறையாக வைத்து, முன்னால் அட்டைத் துண்டு ஒட்டினால் போதும். ஓட்டலில் தரும் சின்ன ஜாம் டப்பிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தால் சிங்க் தயார்.

பேனர் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு என்ற பிளாஸ்டிக் பலகை தண்ணீருக்கு அஞ்சாது, சூப்பர் குளூவில் சட்டென்று ஒட்டும். குழந்தைகள் உருட்டி விளையாடப்போகும் வீடானால் 3 மி.மீ. சன்போர்டு நல்ல தேர்வு, தடிமன் கொஞ்சம் உறுத்தினாலும் பரவாயில்லை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் ஊசியும் குண்டூசிக் கைப்பிடியும் கூடவே கூடாது, கதவைத் திறக்காத மாதிரி ஒட்டிவிடுங்கள். வெள்ளை ஃபோம் போர்டில் மட்டும் சூப்பர் குளூவைத் தொட விடாதீர்கள், உள்ளே இருக்கும் ஃபோம் கரைந்துவிடும். 3டி பிரின்ட் என்பது குழாய், மிக்ஸி போன்ற வளைவான பொருள்களுக்குச் சரி. பெட்டி வடிவ அலமாரிக்கு அது வீண் செலவு.

மேசைக்கு ஐஸ் குச்சியை விட்டால் வேறு எதையும் நான் நினைப்பதில்லை. 10 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிமனும் நிஜத்தில் 12 செ.மீ. அகலப் பலகையாகிறது, நாட்டு மேசைக்கு அச்சு அசலான கணக்கு. இரு முனை வளைவையும் வெட்டி, பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, தேயிலைச் சாயம் ஏற்றுங்கள். சாயத்தை ஒட்டுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். பசை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். காலுக்கு 4 மி.மீ. சதுர பாஸ்வுட் குச்சி, உயரம் 6 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல்.