உட்கார்ந்து குத்தினாலும் கை வேலை செய்யும்: வீ குத்துச்சண்டையோடு மூன்று வருஷம்

அப்பாவுக்கு 71 வயது, வலது முட்டியில் தேய்மானம். நடைப்பயிற்சி நின்றுபோய், நாள் முழுக்க நாற்காலி என்று ஆனபோதுதான் பரணில் கிடந்த நின்டெண்டோ வீயை இறக்கித் தூசி தட்டினேன். 2006-ல் வெளிவந்த வீடியோ கேம் மெஷின். கையில் ரிமோட்டைப் பிடித்து வீசினால் டிவி திரையில் இருக்கும் ஆளும் வீசுவார். அதோடு வந்த வீ ஸ்போர்ட்ஸில் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்து ஆட்டங்கள். மூன்று வருஷமாக வாரத்தில் நான்கு சாயங்காலம், இருபது நிமிஷம் ஆடுகிறோம். அப்பா உட்கார்ந்தபடி, நான் நின்றபடி.

பெரும்பாலும் குத்துச்சண்டைதான். டென்னிஸில் பந்து வரும் இடத்துக்கு ஆள் தானாகவே ஓடிவிடும், நாம் ஒரு கையை வீசினால் போதும். குத்துச்சண்டையில் ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் நன்சக், அதாவது ரிமோட்டோடு ஒயரில் இணையும் இன்னொரு கைப்பிடி. இரண்டு கைக்கும் ஓய்வே கிடையாது.

முதல் மாதம் அப்பா நன்றாகச் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் வெடுக் வெடுக்கென்று ஆட்டியே என்னை ஜெயித்துக்கொண்டிருந்தார். ரிமோட்டுக்குள் இருக்கும் முடுக்கமானிக்கு (அசைவை உணரும் சில்லு), தான் எவ்வளவு வேகமாக அசைந்தோம் என்பதுதான் தெரியும். அந்த அசைவு தோளிலிருந்து வந்ததா, மணிக்கட்டிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆட்டத்தில் வரும் புள்ளி வேறு, தசை செய்யும் வேலை வேறு. இது புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

புரியவைத்தது பக்கத்து வீட்டுப் பெண். பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறாள். ஒருநாள் அப்பா ஆடுவதைப் பார்த்துவிட்டு, தோளின் முன்பக்கம் இரண்டு விரலை வைத்தாள். “தாத்தா, இங்க ஒண்ணுமே எழும்பலையே. கொஞ்சம் முன்னாடி வந்து, முதுகு ஒட்டாம உட்காருங்க. இப்ப முழுக் கையையும் நீட்டிக் குத்துங்க.” அப்பா குத்தினார். “நீங்க வைச்சுப் பாருங்கண்ணா” என்றாள். என் விரலுக்குக் கீழே கொய்யாக்காய் மாதிரி கெட்டியாக ஒரு உருண்டை எழும்பி அடங்கியது. அதுதான் முன் டெல்டாய்டு, கையை முன்னால் தூக்கிப் பிடிக்கிற தசை.

இதையே விரலுக்குப் பதில் கருவியால் அளப்பதுதான் இ.எம்.ஜி. (எலக்ட்ரோமயோகிராபி). தோலில் பட்டைகளை ஒட்டி, தசை சுருங்கும்போது வரும் மின்சைகையைப் பதிவு செய்வார்கள். முதலில் முழு பலத்தோடு அழுத்தச் சொல்லி ஒரு அளவு எடுத்துக்கொள்வார்கள். பிறகு விளையாடும்போது வருவது அதில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள்.

நின்று குத்தும்போது எனக்கு பலம் பாதத்திலிருந்து வருகிறது. பின்னங்கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் கடைசியில் சேர்ந்துகொள்கிறது. உட்கார்ந்தவருக்கு அந்த உதவியில் பெரும்பகுதி இல்லை. உடம்பை அவ்வளவாகத் திருப்பவும் முடியாது, அதனால் கையே அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் ஒரு மாதம் உட்கார்ந்தே ஆடிப் பார்த்தேன். மூச்சு அவ்வளவாக வாங்கவில்லை, ஆனால் தோள் சீக்கிரமே கனத்துப் போனது. அப்புறம், முழங்கைக்கு மேலே முன்பக்கம் பைசெப்ஸில் ஒரு அலுப்பு. காற்றில் குத்தும்போது கையைத் தடுத்து நிறுத்த மணல்மூட்டையோ எதிராளியோ கிடையாது. மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ் நீட்டிய கையை பைசெப்ஸ்தான் பிரேக் போட்டு நிறுத்துகிறது. இழுத்து நிறுத்தாமல் கையை விட்டெறிந்தால் முழங்கை மூட்டுதான் அடி வாங்கும். அப்பாவுக்கு நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்: குத்துவதைப் போலவே திரும்ப இழுப்பதிலும் கவனம் வேண்டும்.

நாற்காலி விஷயம் சின்னது, ஆனால் நிறைய மாறுகிறது. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது, நன்சக் ஒயர் வேறு மாட்டியது. கைப்பிடி இல்லாத மரநாற்காலிக்கு மாறி, அதன் பின்கால்களைச் சுவரில் ஒட்டிப் போட்டபிறகுதான் சரியானது. இன்னொன்று, அலுப்பு வந்ததும் அப்பாவின் தோள்கள் காதைத் தொடும் அளவுக்கு ஏறிவிடும். அப்போது கழுத்தோரத்து ட்ரப்பீசியஸ் தசைதான் வேலை செய்கிறது. அது தெரிந்ததும் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவோம்.

இரண்டாம் வருஷம் நான் ஒரு தப்பு செய்தேன். ரிமோட்டில் கனமே இல்லையே என்று, மணிக்கட்டில் அரைக்கிலோ மணல்பட்டை கட்டிக்கொண்டு வேகமாகக் குத்தினேன். பத்தே நாளில் தோளுக்குப் பின்னால் வலி, படுத்தால் திரும்ப முடியவில்லை. ஆறு வாரம் ஆட்டமே இல்லை. வெறும் ரிமோட்டிலேயே இப்படி ஆகும் என்பதற்குப் பதிவு உண்டு. 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ‘வீயைட்டிஸ்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. பல மணிநேரம் வீ டென்னிஸ் ஆடிய 29 வயது மருத்துவருக்கு, தோள்பட்டை எலும்பின் பின்னால் உள்ள இன்ஃப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் அழற்சி. சிகிச்சை ஒரு வாரம் இபுப்ரோஃபென், கூடவே வீயைத் தொடக்கூடாது.

தசை புடைக்கும் என்று எதிர்பார்த்து இதை ஆரம்பிக்காதீர்கள். எடையே இல்லாத வேலை இது, கை சோர்ந்துபோகாமல் தாங்குவதற்குத்தான் உதவும். அப்பாவின் முட்டியில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் முன்பு ஈர வேட்டியைக் கொடியில் போட இரண்டு முறை கையை இறக்கி இளைப்பாறுவார். இப்போது ஒரே மூச்சில் விரித்துப் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரி பண்ணி, க்ளிப்பும் மாட்டிவிட்டுத்தான் கையை இறக்குகிறார்.