மருந்துவாழ் மலையா, தேரூர்க் குளமா?

புரட்டாசியில் தென்மேற்குக் காற்று அடங்கியதும், வடக்கேயிருந்து வலசை வரும் பருந்தினங்களை எண்ண விரும்புவோருக்குக் குமரி மாவட்டத்தில் இரண்டு இடங்கள் போட்டிக்கு நிற்கின்றன. பொற்றையடியை ஒட்டிய மருந்துவாழ் மலையின் உச்சி ஒன்று. சுசீந்திரம், தேரூர்க் குளக்கரைகள் மற்றொன்று.

மலையின் பக்கம் உள்ள நியாயம் வலுவானது. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சிறகடிக்காமல் சறுக்கிச் செல்வதே அகன்ற சிறகுடைய கழுகினங்களின் பயண முறை. கடலின்மேல் அக்காற்று போதிய வலுவுடன் எழாததால், அவை நிலத்தை விடாமல் குறுகிய வழிகளில் குவிகின்றன. கருங்கடலுக்கும் மலைகளுக்கும் நடுவே ஜார்ஜியாவிலுள்ள பாத்துமியில் ஒரே பருவத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்படுவது இதனால்தான். ஆனால் வரைபடத்தில் முனையைக் கண்டதும் குமரியிலும் அத்தகைய கூட்டத்தை எதிர்பார்ப்பது வீண். பாத்துமிக்கு அப்பால் நிலம் தொடர்கிறது; இங்கே தெற்கில் இருப்பது கடல் மட்டுமே. தவிரவும், இந்தியாவுக்கு வரும், தாழப் பறந்து இரைதேடும் பூனைப்பருந்துகளில் பெரும்பாலானவை இங்குள்ள வயல்களிலும் புல்வெளிகளிலுமே குளிர்காலத்தைக் கழித்துவிடுகின்றன.

மலையில் எண்ணுபவரை ஏமாற்றுபவை உள்ளூர்ப் பறவைகள்தாம். ஓர் ஐப்பசிக் காலையில் பதினோரு மணிக்குள் பத்தொன்பது கரும்பருந்துகள் என்று குறித்து வைத்திருந்தேன். அதன்பின்தான் இடது சிறகில் ஓர் இறகு உதிர்ந்து இடைவெளி விழுந்திருந்த ஒரு பருந்து மூன்றாம் முறையாக என் முன்னால் கடந்தது; அந்தப் பக்கம் முழுவதையும் அடித்துவிட்டேன். கற்பனைக் கோடு ஒன்றை வகுத்துக்கொண்டு, தெற்கே கடந்தவற்றிலிருந்து வடக்கே திரும்பியவற்றைக் கழிக்கலாம் என்றாலும், அதற்குக் குறைந்தது மூவர் வேண்டும். ஒருவர் எழுதவே சரியாக இருக்கும்.

குளக்கரையில் இந்தத் தொல்லை குறைவு. 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்த நீர்நிலைகளைச் சுற்றிக் கும்பப்பூ எனப்படும் இரண்டாம் போக நெல் நடவு நடக்கும் நாட்களில், சேற்றுப் பூனைப்பருந்து சிறகுகளை ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் உயர்த்திப் பிடித்தபடி கோரைக்கு மேல் ஆளுயரத்தில் மிதந்து வரும். அதன் நிழல் எட்டும் முன்பே கொக்குகளும் தாராக்களும் மொத்தமாகக் கிளம்பிவிடுவதால், பருந்தைத் தவறவிட்டவருக்கும் அதன் வருகை தெரிந்துவிடும். மாலை ஐந்து மணி முதல் இருட்டும்வரை, கோரைக்குள் இரவடைய இறங்குபவற்றை மட்டும் எண்ணினால், ஒரே பறவையை இருமுறை எண்ண வாய்ப்பு மிகக் குறைவு. கருவியைப் பொறுத்தவரை, இரண்டு இடத்துக்கும் எட்டு மடங்கு உருப்பெருக்கும் இருகண்நோக்கி போதும். உச்சியில் அடிக்கும் காற்றில் முக்காலியில் வைத்த தொலைநோக்கி ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆனால் குளத்தில் கிடைப்பது தங்க வந்தவற்றின் கணக்கே தவிர, கடந்து போனவற்றின் கணக்கு அன்று. இந்தக் குறையை ஒப்புக்கொண்டே, தனியாகப் போகிறவருக்கு நான் குளத்தைத்தான் சொல்வேன். ஆண்டுதோறும் அதே கரையில், அதே நேரத்தில் எடுத்த எண்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடியும் என்பதே காரணம். ஐப்பசி மழை மாலையில் பிடித்துக்கொண்டால், மறுநாள் விடியுமுன் அதே இடத்தில் நின்று, கோரையிலிருந்து கிளம்புபவற்றை எண்ணலாம்.