வேலூர் வெயிலில் ஷேடோ ஸ்டிக்கர் எழுத்து: எது நிற்கிறது, எது கிளம்புகிறது

காட்பாடி ரோட்டுக் கடை போர்டானாலும் ஆம்பூர், ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிப் போகும் வண்டியானாலும், ஷேடோ எழுத்தில், அதாவது வினைல் (பிளாஸ்டிக்) ஷீட்டில் எழுத்தையும் அதன் நிழலையும் தனித்தனியாக வெட்டி ஒட்டும் ஸ்டிக்கரில், முதலில் கெடுவது நிறம் அல்ல. எழுத்தும் நிழலும் சேரும் விளிம்புதான். இரண்டு கத்திரி வெயில் தாண்டிய வேலைகளைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

முழு நிழலை அடியில் ஒட்டி, அதன்மேல் எழுத்தை அப்படியே ஏற்றுவதுதான் பலரும் செய்வது. அலைன்மென்ட் கொஞ்சம் தப்பினாலும் தெரியாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மேல் எழுத்தின் பசைக்குத் தகரத்தின் பிடிப்பு கிடைப்பதில்லை. அது ஒட்டியிருப்பது இன்னொரு வினைலின் முகத்தில். விலை குறைந்த மோனோமெரிக் ரக ஷீட்டில், அதை வளையும்படி வைக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் என்ற பொருள் சூட்டில் மெல்ல வெளியேறி அந்தப் பசையை இளக்கிவிடும். கருப்பு நிழல் கூடுதலாகச் சூடேறுவதால் சுருக்கமும் கூடுதல். விளிம்பில் பசை வெளியே தெரிந்ததும் ரோட்டுத் தூசி ஒட்டி, எழுத்தைச் சுற்றிக் கருப்புக் கோடு விழும்.

எழுத்தையும் நிழலையும் விளிம்போடு விளிம்பாக வெட்டிப் பொருத்துவது இதைவிட மோசம். ஷீட் சுருங்கினதும் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு, வண்டியின் பெயிண்ட் தெரிய ஆரம்பித்துவிடும்.

நிற்கிற முறைகள் இரண்டு. ஒன்று, நிழல் எழுத்துக்கு அடியில் 1.5 முதல் 2 மி.மீ. மட்டும் நுழையும்படி வெட்டுவது. கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் எழுத்தை கர்வ் (கோட்டு வடிவம்) ஆக்கி, கொம்பு, கால் எல்லாம் வெட்டிக்கொள்ளும் இடங்களை வெல்டு செய்து ஒரே வடிவமாக்கிய பிறகே பிளாக் ஷேடோ (கெட்டியான நிழல்) போட வேண்டும். பிறகு எழுத்துக்கு உள்பக்கமாக 2 மி.மீ. கான்டூர் (விளிம்பை ஒட்டிய கோடு) எடுத்து, அந்தக் கான்டூரால் நிழலை ட்ரிம் செய்யுங்கள், அதாவது உள்ளே வரும் பகுதியை வெட்டி நீக்குங்கள். எழுத்துக் கோட்டின் அகலம் 8 மி.மீ.க்குக் கீழே இருந்தால் 1 மி.மீ. போதும். இன்னொன்று, கான்டூரை வெளிப்பக்கம் எடுத்து 2–3 மி.மீ. இடைவெளி விட்ட நிழல். இதில் ஷீட் மேல் ஷீட் ஏறுவதே இல்லை. காலண்டர்டு ஷீட்டுக்கும் (உருளையில் அழுத்தித் தயாரித்தது), தடிமனும் விறைப்புமான ரேடியம் ஷீட்டுக்கும் (வெளிச்சம் பட்டால் மின்னுவது) இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2 மி.மீ. நுழைக்கும் முறைக்குச் சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள காஸ்ட் ஷீட் (திரவமாக ஊற்றித் தயாரித்த மெல்லிய ரகம்) நன்றாகப் படியும்.

தமிழ் எழுத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது புள்ளி. 45 டிகிரியில் 6 மி.மீ. நிழல் கொடுத்தால் அது கீழ்நோக்கி 4 மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் அதைவிடக் கூடுதலான இடைவெளி இல்லையென்றால் புள்ளியின் நிழல் எழுத்தின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து ‘க்’ என்பது ‘க’ போலத் தெரியும். புள்ளியை மேலே நகர்த்துங்கள், இல்லை நிழலைக் குறையுங்கள். ண, ணை போன்றவற்றின் சுழிக்குள் நிழல் நிரம்பி அடைத்துக்கொள்வதால், 50 மி.மீ. உயரத்துக்குக் கீழே நிழலே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நிழலின் கூர்மையான மூக்குகளை 1 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிட்டால் வாட்டர் வாஷில் கிளம்பாது.

வளைந்த பாடியில் இரண்டு தடவை ஒட்டி அலைன்மென்ட் பார்க்க வேண்டியதில்லை, மேசையிலேயே சேர்த்துவிடலாம். இரண்டு நிறத்துக்கும் ஒரே இடத்தில், இரு முனையிலும் சின்னச் சதுரக் குறி வைத்து வெட்டுங்கள். வீடிங் (வேண்டாத வினைலை உரித்தெடுப்பது) முடிந்ததும் முதலில் எழுத்தை ட்ரான்ஸ்ஃபர் டேப்பில் (எழுத்தை அப்படியே தூக்கி ஒட்ட உதவும் டேப்) எடுத்து, பேப்பரிலேயே இருக்கும் நிழலின்மேல் குறியோடு குறி வைத்து அழுத்தினால், இரண்டும் சேர்ந்து டேப்பில் வந்துவிடும். வரிசை மாறினால் நிழல் மேலே வந்துவிடும், ஜாக்கிரதை. இந்தச் சேர்ப்பைக் காய்ந்த நிலையில்தான் செய்ய வேண்டும். வினைலுக்கும் வினைலுக்கும் நடுவே சோப்புத் தண்ணீர் சிக்கினால் வெளியே போக வழியில்லை. வெயில் பட்டதும் கொப்புளம் கிளம்பும்.

ஒட்டும் நேரம் காலை வெயில் ஏறுவதற்கு முன்பு, அல்லது ஷெட்டுக்குள். மே மாதத்தில் மதியம் நிறுத்தியிருந்த வண்டியின் தகரம் கை வைக்க முடியாமல் கொதிக்கும். பசை தொட்ட உடனே பிடித்துக்கொள்ளும், நகர்த்த வழியில்லை. மெழுகு, பாலிஷ் போக ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்வதற்குள் வேறு துணியால் ஒற்றி எடுங்கள். புதுப் பெயிண்ட் அடித்த பாடியில் மூன்று வாரமாவது பொறுங்கள். சால்வென்ட் வெளியேறும்போதே ஒட்டினால் மொத்த எழுத்தும் குமிழ் குமிழாகும். நடுவில் மாஸ்கிங் டேப் கீல் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜி (அழுத்தித் தேய்க்கும் தட்டை) இழுங்கள். டேப்பை 180 டிகிரி மடக்கி மெதுவாக உரித்த பிறகு, எல்லா விளிம்பையும் ஸ்க்வீஜியின் ஃபெல்ட் துணி ஓரத்தால் இன்னொரு முறை அழுத்த வேண்டும். இந்தக் கடைசி அழுத்தலைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். விளிம்பு முதலில் கிளம்புவதும் அந்த இடத்தில்தான்.

நம்பர் பிளேட்டில் மட்டும் ஷேடோ கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். அலங்கார எழுத்துக்கு அங்கே சட்டத்தில் இடமில்லை.