3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய ரேம்: ரிச்சி தெருவில் நான் ஏமாந்த விதம்

கணினிப் பாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கிய இரண்டு 16 ஜிபி ரேம் (கணினி நினைவகம்) ஸ்டிக்குகளில் ஒன்று, அதன்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சொன்ன பொருளே அல்ல. அதைக் கண்டறிய எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. அவற்றில் பாதி நாள்கள் என் மதர்போர்டைச் சந்தேகப்பட்டே கழிந்தன. அதே தெருவில் பல ஆண்டுகளாக நான் நம்பிக்கையோடு வாங்கிவரும் கடைகளும் இருப்பதால், தெருவையே குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 5600ஜி செயலியும் பி450 மதர்போர்டும். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி ரேமைத்தான் தன் நினைவகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே இவ்வகைக் கணினியில் ரேமின் வேகம் ஒரு வீண் ஆடம்பரம் அல்ல. இரண்டு ஸ்டிக்குகளும் 2133 வேகத்தில் (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றங்கள்) ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 34 ஜிபி தரவு போய்வரும். 3200 வேகத்தில் ஓடினால் அது 51 ஜிபி ஆகும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து 3200 ரேம் கேட்டேன்.

சீல் பிரிக்காத இரட்டைப் பாக்கெட் வேண்டும் என்று நான் கேட்டபோது, "அது ஸ்டாக் இல்ல சார், ஒரே மாடல்ல தனித்தனியா ரெண்டு தர்றேன், இங்கேயே டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்" என்றார் கடைக்காரர். தம் கணினியில் இரண்டையும் பொருத்தி, விண்டோஸில் 32 ஜிபி என்று வந்ததைக் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டேன். கொள்ளளவைக் காட்டிய அந்தச் சோதனை வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பில்லில் "ரேம் 16 ஜிபி – 2" என்று மட்டும் இருந்தது. சீரியல் எண் இல்லை. நான் செய்த பெரிய தவறு அந்தப் பில்லை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டதுதான்.

வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தபோது டாஸ்க் மேனேஜர் 2133 என்று காட்டியது. இதில் மட்டும் குற்றம் காண முடியாது. 1.35 வோல்ட்டில் 3200 தரும் ரேம்கள், பயோஸுக்குள் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) சென்று, ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கும்வரை, பொதுவான குறைந்த வேகத்தில்தான் தொடங்கும். கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1066 என்று காட்டினாலும் பதற வேண்டியதில்லை. அது காட்டுவது கடிகார வேகத்தை, ஸ்டிக்கரில் எழுதும் தரவு வேகம் (டிடிஆர் வேகம்) அதன் இரு மடங்கு. ஆனால் எக்ஸ்எம்பியை இயக்கிச் சேமித்ததும் கணினி மூன்று முறை தானே அணைந்து எழுந்து, மீண்டும் 2133-க்கே திரும்பியது. முதலில் என் கைவேலையைத்தான் சந்தேகித்தேன். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டில், செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்தும்படி கையேடு சொல்லியிருக்க, நான் முதல் இரண்டில் பொருத்தியிருந்தேன். மாற்றினேன். பலன் இல்லை. போர்டில் உள்ள பேட்டரியைக் கழற்றி, பயோஸ் அமைப்புகளை அழித்தும் பார்த்தேன். அதற்கும் பலன் இல்லை.

கடைக்குத் தொலைபேசியில் பேசியபோது, "போர்டு பழசு சார், பயோஸ் அப்டேட் பண்ணணும்" என்றார்கள். எடுத்துச் சென்றேன், 600 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்டேட் செய்து கொடுத்தார்கள். வீட்டில் அதே 2133. மறுமுறை கேட்டபோது, எக்ஸ்எம்பி என்பதே ஓவர்கிளாக்கிங் (நிர்ணயித்த வேகத்தை மீறி ஓட்டுவது), அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது என்று விடை வந்தது. இதில் பாதி உண்மை என்பதால்தான் பலரும் இங்கேயே அடங்கிவிடுகிறார்கள். இன்டெலின் எச்410 போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 செயலியைப் போட்டவருக்கு எந்த 3200 ரேமும் 2666-க்கு மேல் ஓடாது; அங்கே ரேமின் மேல் பிழை இல்லை, அந்தச் சேர்க்கையை விற்றவர் எச்சரித்திருக்க வேண்டும். என் நிலை அதுவன்று. 5600ஜி அதிகாரபூர்வமாகவே 3200 வரை ஏற்கும் செயலி, பி450 போர்டிலும் அதற்குத் தடையில்லை.

அன்றிரவு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு நேரத்தில் ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து எக்ஸ்எம்பியை இயக்கினேன். முதல் ஸ்டிக் எந்தச் சிக்கலுமின்றி 3200-இல் எழுந்தது. ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் நான்கு சுற்று ஓடியும் ஒரு பிழை இல்லை. இரண்டாவது ஸ்டிக்கைப் பொருத்தியபோது பயோஸில் எக்ஸ்எம்பி என்ற தேர்வே தென்படவில்லை. சிபியு-இசட்டில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் உள்ள சிறு சிப்பில் தயாரிப்பாளர் எழுதிவைத்திருக்கும் விவரங்களை அந்தப் பக்கம் காட்டும். முதலாவதில் 3200, 1.35 வோல்ட், ஸ்டிக்கரில் உள்ள அதே பார்ட் நம்பர். இரண்டாவதில் 2666, 1.2 வோல்ட், வேறு பார்ட் நம்பர், தயாரிப்பு ஆண்டும் வேறு. வெளியே அதே கறுப்பு உலோக உறை, அதே ஸ்டிக்கர்! உறையின் விளிம்பில் பசை மெல்லிய கோடாகப் பிதுங்கியிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். எஸ்பிடி விவரங்களையே திருத்தி எழுதக்கூடியவர்களும் உண்டு. எனக்கு விற்றவர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சிபியு-இசட் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்சிட்டு எடுத்துச் சென்றபோது, நானே ஸ்டிக்கை மாற்றிக் கொண்டுவந்திருக்கலாம் என்றார் கடைக்காரர். பில்லில் சீரியல் எண் இல்லாததால் அதை மறுக்க என்னிடம் எழுத்துச் சான்று எதுவும் இல்லை. பில்லின் அடியில் அச்சிட்டிருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியையும் விரலால் தொட்டுக் காட்டினார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நான் சொன்னதற்கு அவர் சிரித்தார். வெளியே வந்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். சில நாள்களில் கடையிலிருந்தே அழைப்பு வந்தது. குரலில் பழைய மிடுக்கு இல்லை.

மாற்று ஸ்டிக் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். இந்த முறை நான் பென் டிரைவில் சிபியு-இசட்டைக் கொண்டுபோயிருந்தேன். அவர்கள் கணினியிலேயே அதைத் திறந்து, பார்ட் நம்பரை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு, எக்ஸ்எம்பியை இயக்கி 3200 என்று திரையில் வந்த பிறகே கையில் வாங்கினேன். இரண்டு சீரியல் எண்களையும் பில்லில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பயோஸ் அப்டேட்டுக்கு வாங்கிய 600 ரூபாய் திரும்பவில்லை.

நான் மேசையில் வைத்த போலி ஸ்டிக்கை, கடைப் பையன் துணியால் ஒருமுறை துடைத்தான். 3200 என்ற ஸ்டிக்கரைக் கிழிக்காமல், பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் மற்ற ஸ்டிக்குகளோடு அதையும் அடுக்கினான்.